அமெரிக்கா வரி போட்டால் பிரேசில் வாங்குமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு: பிரேசில், ரஷ்யா, சீனா எல்லாம் இருக்கும் பிரிக்ஸ் கூட்டமைப்பு நாடுகளுக்கு விற்போம், வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று கை கொடுப்போம். மேடையில் கேட்க நன்றாக இருக்கிறது. பனியன் தைத்து அனுப்புகிற எனக்கு நம்பிக்கை வரவில்லை. எகிப்தும் எத்தியோப்பியாவும் 2024-ல் பிரிக்ஸில் சேர்ந்தன, இந்தோனேசியா 2025-ல் சேர்ந்தது. மூன்றுமே துணி தைத்து வெளிநாட்டுக்கு விற்க முட்டி மோதும் நாடுகள். வாடிக்கையாளர் வரவில்லை, பங்காளிகள்தான் பந்தியில் கூடியிருக்கிறார்கள். பிரேசில் ஆடைக்கு 35 சதவீதம் வரி வைத்திருக்கிறது. பிரேசில் இருக்கும் தென்னமெரிக்க மெர்கோசூர் கூட்டமைப்போடு 2009 முதல் சலுகை ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் சுமார் 450 பொருள், பெரும்பாலும் 10, 20 சதவீதத் தள்ளுபடி, அவ்வளவுதான். இந்த நாடுகளுக்கு விற்றுக் காசு பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பம்புசெட் (கோவை):
நான் பார்க்கிறேன் அண்ணா. பனியனை வைத்து மொத்த உலகத்தையும் அளக்காதீர்கள். கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டும் நம் சப்மெர்சிபிள் பம்பு போகிறது. அதற்குக் காரணம் எந்த ஒப்பந்தமும் அல்ல. ஆழ்துளைக் கிணறு, ஏறி இறங்கும் மின்சாரம், மணல் கலந்த தண்ணீர்: இந்த மூன்றுக்கும் பழகிய மோட்டார் நம்முடையது. எரிந்தால் உள்ளூரிலேயே காயில் கட்டி ஓட்டலாம். ஐரோப்பியப் பம்பு எரிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ஜெர்மனி விவசாயி என்னிடம் வரவே மாட்டார். எனக்குப் போட்டி சீனாக்காரன் மட்டும்தான், ஆனால் கடுமையான போட்டி.

நொய்யல்கரை:
விற்றது சரி தம்பி, பணம் வந்ததா? 2023 ஜூனில் நைஜீரியாவின் நைரா விழுந்தது, 2024 மார்ச்சில் எகிப்துப் பவுண்டு விழுந்தது. வாங்கியவனிடம் பணம் இருந்தாலும் அவன் வங்கியில் டாலர் இருக்காது.

பம்புசெட்:
அதனால்தான் பாதி முன்பணம் வாங்காமல் கண்டெய்னர் ஏற்றுவதில்லை. மிச்சத்துக்கு துபாய் இருக்கிறது. அங்குள்ள வியாபாரி வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார், நாணயம் விழுந்தால் அவர் பாடு. லாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு போகிறது, மறுக்கவில்லை. 2022 மே முதல் அமீரக ஒப்பந்தத்தில் உங்கள் பனியனுக்கும் அங்கே 5 சதவீத வரி போய்விட்டதே, அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

களத்துமேடு (பொள்ளாச்சி):
இருவரும் விற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே வருவதை யார் பேசுவது? தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தம் 2010-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்பும் பாமாயில் ரேஷன் கடை வரை வந்துவிட்டது. 2025 மே இறுதியில் கச்சா பாமாயில் அடிப்படை வரியை 20-லிருந்து 10 ஆக்கினார்கள். நீங்கள் சொல்லும் கை கொடுத்தல் எங்கள் கொப்பரைக் களத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சென்னிமலை வாசகி:
ஐயா, உங்கள் ஊர்த் தென்னை நார் கட்டுக்கட்டாகச் சீனாவுக்குப் போகிறது. அதுவும் இதே கணக்கில்தான் வருகிறது. வரியைக் குறைத்த அந்த ஆண்டில் தேங்காய் விலை உச்சத்தில் இருந்ததும் உண்மைதானே?

களத்துமேடு:
விலை ஏறியது காய் இல்லாததால், அம்மணி. வெள்ளை ஈயும் வாடல் நோயும் தின்ற தோப்பில் விலை ஏறி என்ன ஆகும்? நார் ஆலை வைத்திருப்பவர் வேறு, தோப்பு வைத்திருப்பவர் வேறு. மட்டைக்கு எங்களுக்குக் கிடைப்பது வண்டி வாடகைக்குக் காணாது.

நொய்யல்கரை:
ஐயா சொல்வதுதான் எங்கள் கதையும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டே மறுபடி ஓடுகின்றன. விதி சரியானதுதான், நொய்யல் ஆற்றைப் பார்த்தவன் எதிர்க்க மாட்டான். ஆனால் அதே ஆண்டுக் கடைசியில் டெல்லி வங்கதேச ஆடைக்கு வரியில்லாமல் கதவு திறந்தது. அங்கே சாயக் கழிவுக்கு இந்தச் செலவு இல்லை. உள்ளூர்ச் சந்தைக்குத் தைத்த சிறு கம்பெனிகள் அதில் அடி வாங்கின. 2025 மே மாதம் தரைவழி வரத்தை நிறுத்தி, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் என்றார்கள். பதினான்கு ஆண்டு கழித்து!

சென்னிமலை வாசகி:
பல்லடம், உடுமலைப்பேட்டை நூற்பாலைக்காரர்களையும் கேளுங்கள். இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு வங்கதேசம். அது வாங்காவிட்டால் இவர்கள் நூற்கும் கதிர்கள் நிற்கும். நூல் ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்லித் திருப்பூர் மனுக் கொடுப்பதும், கூடாது என்று ஆலைகள் மனுக் கொடுப்பதும் நாம் பார்த்ததுதான். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒருவர் சந்தை இன்னொருவருக்குத் தொல்லை. இதில் நாட்டுக்கு நாடு எது லாபம் என்று எப்படி ஒரே வரியில் சொல்வது? இன்னொன்று, உங்கள் கம்பெனியில் ஓடும் தையல் இயந்திரம் எந்த ஊர்?

நொய்யல்கரை:
சீனம். அது இல்லாவிட்டால் விலை கட்டாது.

சென்னிமலை வாசகி:
2024-25-ல் சீனாவோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 99 பில்லியன் டாலர். அதில் உங்கள் ஊசியும் இருக்கிறது. டாலர் இல்லாமல் ரூபாயில் வாங்கி விற்க ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் வழி செய்தது. அதையாவது முயன்று பார்த்தீர்களா?

நொய்யல்கரை:
நமக்கு விற்று ரூபாயை வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்வான்? 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே, இந்திய வங்கிகளில் சேர்ந்த ரூபாயைப் பயன்படுத்த முடியவில்லை என்றார். நாம் எண்ணெய் வாங்குகிற அளவுக்கு அவர்கள் நம்மிடம் வாங்குவதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: பிரேசிலிடம் விற்க எனக்கு ஆசை இல்லை, வாங்க ஆசை. 2023-24-ல் அமெரிக்காவை முந்திப் பஞ்சு ஏற்றுமதியில் முதலிடம் பிடித்த நாடு அது. 2021-ல் பஞ்சுக்குப் போட்ட 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்டில் தற்காலிகமாக நீக்கினார்கள். அதை நிரந்தரமாக எடுத்தால் போதும், மாநாடே வேண்டாம்.

பம்புசெட்:
வரி எடுத்தால் நம் பருத்தி விவசாயி சும்மா இருப்பாரா அண்ணா? களத்துமேடு ஐயா பாமாயிலுக்குக் கேட்டதையே அவரும் கேட்பார்.

களத்துமேடு:
கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும். வரியைக் குறைக்கும் முன் எந்தத் தோப்புக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்?