புதுப்பிப்பு: தர்பூசணி மொஹிட்டோ ஏன் சப்புன்னு ஆகுது?

முந்தைய இழையில ஆறு பேருக்கான தர்பூசணி மொஹிட்டோ (ரம், புதினா, எலுமிச்சை, சோடா கலந்த குளிர்பானம்) அளவு கொடுத்திருந்தேன். செஞ்சு பார்த்தவங்க சொன்ன குறை ரெண்டு: பாதி கிளாஸ்லயே தண்ணியாயிடுது, அடியில கசக்குது.

தண்ணியாக காரணம் சின்ன ஐஸ். சென்னை வெயில்ல மொட்டை மாடியில அது கண்ணெதிரே கரையும். தர்பூசணிச் சாறையே ட்ரேயில ஊத்தி முதல் நாளே உறைய வைங்க, கரைஞ்சாலும் சாறுதான்.

கசப்பு புதினாவால. எட்டு இலை போதும், கரண்டிக் காம்பால மூணு தடவை லேசா அழுத்துங்க. வாசனை வந்ததும் நிறுத்திடணும். துவையல் அரைக்கிற மாதிரி நசுக்கினா இலைச்சாறு இறங்கிடும். எலுமிச்சையையும் தோலோட நசுக்காதீங்க. மிக்ஸியில விதை அரைபட்டாலும் நறநறன்னு இருக்கும், விட்டு விட்டு ஓட்டி வடிகட்டுங்க.

திருத்திய அளவு, ஒரு கிளாஸுக்கு: தர்பூசணிச் சாறு 90 மி.லி., வெள்ளை ரம் 45, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 10 (சர்க்கரையும் தண்ணியும் சரிபாதி). சோடா 60, கடைசியா. அதுக்கப்புறம் குலுக்கினா மூடி பறக்கும்! குடிக்காதவங்களுக்கு ரம்முக்குப் பதிலா இளநீரும் அரை டீஸ்பூன் இஞ்சிச் சாறும்; பாகைக் கொஞ்சம் குறைங்க.

இன்னொரு கேள்வி: அன்னாசிச் சாறுல க்ரீம் சேர்த்தா திரியுதேன்னு கேட்டிருந்தாங்க. சூடுபடுத்தாத அன்னாசியில இருக்கிற ப்ரோமெலைன்ங்கற நொதி (என்சைம்) பால் புரதத்தை உடைச்சுடும், கசக்கவும் செய்யும். சாறை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, நல்லா ஆறின பிறகு சேருங்க. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டதுங்கறதால அந்தத் தொல்லை இல்லை, ஆனா ருசி மட்டம்.