‘கனலழற்சி’: தொற்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நீரிழிவு, மாரடைப்பு பற்றிய கட்டுரைகளில் ஓயாமல் வரும் ‘லோ-கிரேடு இன்ஃபிளமேஷன்’ (உடலுக்குள் சிறிய அளவில் நெடுநாள் நீடிக்கும் அழற்சி) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகள்: குறைநிலை அழற்சி, மெல்லழற்சி, நாள்பட்ட தொற்று. மூன்றாவதை முதலில் விலக்கிவிடுவோம். தொற்று என்றால் கிருமி உடலுக்குள் குடியேறுவது. அழற்சி, தொற்று போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கெடுப்பது கிருமியா அழற்சியா என்ற இத்துறையின் மையமான வாதத்தையே தமிழில் எழுத முடியாது.

1988இல் பின்லாந்தின் பெக்கா சைக்கு குழுவினர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற நுண்ணுயிருக்கான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். கிருமியைக் கொன்றால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இதய நோயாளிகள் நாலாயிரம் பேரை வைத்து, வாரம் ஒரு மாத்திரை என ஓராண்டு அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவு: பயனில்லை. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு கிருமியின் பக்கமே போகவில்லை. கனகினுமாப் மருந்தால் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை மட்டும் தடுத்தது. கொலஸ்ட்ரால் குறையவில்லை, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின என்பதையும் சொல்லியாக வேண்டும். அழற்சி நமக்குக் காவலும்கூட.

நம்மவர்களுக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 1970 முதல் ஹரால்ட் லோ குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் ஈறுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பல் மருத்துவம் எட்டாத மக்கள். பல்லில் காரை எல்லோருக்கும் படிந்திருந்தது. ஆனால் 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே அழுக்கு, வேறுவேறு அழற்சி! இந்த ஆய்வைத் தமிழில் விளக்கவே இரண்டு சொற்கள் வேண்டும்.

நீரிழிவிலும் இதே கதைதான். அழற்சி கண்ட ஈறிலிருந்து கசியும் டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சி தூண்டும் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏற ஏற ஈறு மேலும் கெடுகிறது.

இனி சொல். நிமோனியா வந்தால், அழற்சியின் அளவைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைக்கூடத் தாண்டும். நாம் பேசும் நிலையில் அது 3, 5 என்று நிற்கும். காய்ச்சலோ வலியோ இராது, ஆண்டுக்கணக்கில் அப்படியே போகும். ‘குறைநிலை’ இதன் அளவைச் சொல்கிறது, காலத்தைச் சொல்லவில்லை. ‘மெல்லழற்சி’ காதுக்கு இனிமைதான். ஆனால் அறிக்கையில் அதைப் படிக்கும் நோயாளி, பயப்பட ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்வார். எனக்கு அது பெரிய குறை.

நீறுபூத்த நெருப்பு என்கிறோமே, அந்த நிலைதான் இது. ஆகவே ‘கனலழற்சி’ என்று முன்மொழிகிறேன். அழலும் கனலும் நெருப்புதானே, கூறியது கூறல் ஆகாதா என்று கேட்கலாம். அழல் என்றால் கொழுந்துவிடுவது நினைவுக்கு வரும். கனல் சுடர் இல்லாமல் உள்ளே கனன்றுகொண்டிருப்பது. ‘தணலழற்சி’ என்றும் யோசித்தேன். அதில் ‘தணிதல்’ ஒலிக்கிறது, பொருள் தலைகீழாகிவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நாள்பட்ட ஈறுத் தொற்று கனலழற்சியைத் தூண்டும்; கனலழற்சி இரத்தக்குழாய்களைக் கெடுக்கும்.” எனக்கு இடறவில்லை.

பாக்கி ஒன்று உண்டு. ஈறு மட்டும் வீங்குவதையும் பல்லைத் தாங்கும் எலும்புவரை கெடுவதையும் நம் நூல்கள் ‘ஈறு அழற்சி’ என்றே எழுதுகின்றன. இரண்டாவதற்குப் ‘பல்சூழ் அழற்சி’ சரியாக வருமா? பல் மருத்துவர்கள் சொல்லுங்கள்.