டியூப் போட்டு வரும் நோயாளிக்கு ஆர்டிஎஸ் (நினைவு நிலை, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை வைத்துப் போடும் மதிப்பெண்) எப்படிப் போடுவது?

விபத்துக் காயத்தோடு வருபவர்கள் பிழைப்பார்களா என்று டிரிஸ் முறையில் (ஆர்டிஎஸ், காயத் தீவிரம், வயது எல்லாம் சேர்த்துப் பார்க்கும் முறை) கணிப்பதுதான் என் ஆய்வேடு. ஒருவருக்குத் தலையில் மட்டும் தீவிர மதிப்பெண் 4, 4 என இரண்டு காயங்கள், தொடை எலும்பு முறிவுக்கு 3. ஐஎஸ்எஸ் (மொத்தக் காயத் தீவிர மதிப்பெண்) உடலின் ஒரு பகுதிக்கு ஒரு காயத்தைத்தான் எடுத்து வர்க்கப்படுத்திக் கூட்டும், அதனால் தலைக்கு ஒன்றுதான்: 16+9, மொத்தம் 25. பகுதி பார்க்காமல் மோசமான மூன்று காயங்களை எடுக்கும் என்ஐஎஸ்எஸ் போட்டால் 41! சரி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வேன்.

பெரிய தலைவலி வேறு. சுவாசக் குழாயோடு வந்தால் ஜிசிஎஸ்ஸில் (கண், பேச்சு, அசைவு வைத்து நினைவு நிலையை அளப்பது) பேச்சுக்கான மதிப்பெண்ணும் இல்லை, தானாக விடும் மூச்சின் எண்ணிக்கையும் இல்லை. அவர்களை நீக்கிவிடு என்கிறார் உடன் படிப்பவர். ஆனால் மோசமான காயங்கள் பெரும்பாலும் அவர்களுக்குத்தானே? கண், அசைவு மதிப்பெண்களை வைத்துப் பேச்சு மதிப்பெண்ணை ஊகித்தவர்கள், இல்லை மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் (விடுபட்ட மதிப்பைப் பலமுறை கணித்து நிரப்புவது) செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.