ரீபவுண்டுக்குத் தமிழ் என்ன? (ரேடியோ கார் ஷாக் கையேடு, வெள்ளிக்குள் வேண்டும்)

ந.மு.:

நண்பர்களுக்கு வணக்கம். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோவால் தொலைவிலிருந்து ஓட்டும் பக்கி காருக்கு ஒரு கையேடு ஆங்கிலத்திலிருந்து தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பட்டறை வகுப்பில் மாணவர்கள் இதைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஷாக் (சக்கரத்தின் குலுக்கலைத் தணிக்கும், சுருள்வில்லும் எண்ணெய் உருளையும் சேர்ந்த உறுப்பு) கோக்கப் போகிறார்கள். மற்றதெல்லாம் ஒப்பேறிவிட்டது, ‘ரீபவுண்ட்’ மட்டும் நிற்கிறது. இப்போதைக்கு ‘மீட்சி’ என்று போட்டிருக்கிறேன். இடம் இது:

“சுருள்வில்லைக் கழற்றி வைக்கவும். தண்டை முழுக்க வெளியே இழுத்து, உருளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புவரை சிலிக்கான் எண்ணெய் ஊற்றவும். தண்டை மெல்ல ஏற்றி இறக்கினால் பிஸ்டனுக்கு அடியில் ஒட்டிய குமிழிகள் கிளம்பும். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். ரப்பர்ச் சவ்வை ஓரமாகச் சாய்த்துப் பதித்து, தண்டை வேண்டிய அளவு உள்ளே தள்ளி, வழியும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மூடியை முடுக்கவும். பிறகு தண்டை முழுக்க அமுக்கி விடவும். எவ்வளவு தூரம் அது தானாக வெளியே வருகிறதோ அதுவே மீட்சி.”

சரிதானா?

வெ.க.:

> அதுவே மீட்சி

ந.மு., இது ஆகாது. மீட்சி என்ற சொல்லை இயற்பியல் பாடநூல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மீட்சிப் பண்பு படித்த மாணவன் இதைப் பார்த்தால் சுருள்வில்லின் வேலை என்றுதான் நினைப்பான். நீங்களோ முதல் வரியிலேயே வில்லைக் கழற்றச் சொல்லிவிட்டீர்கள்.

தண்டு ஏன் திரும்பி வருகிறது என்று பாருங்கள். 3 மி.மீ. தண்டு 25 மி.மீ. உள்ளே போனால் சுமார் 177 கன மி.மீ. இடத்தை அடைக்கும். எண்ணெய் சுருங்காது, ஆகவே சவ்வுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். சவ்வுக்கு மேல் சிறைப்பட்ட காற்று அமுங்கி, பிறகு தண்டை வெளியே தள்ளுகிறது. தண்டு வெளியே இருக்கும்போதே மூடினால் எண்ணெய் நிறைய இருக்கும், முழுத் தூரமும் திரும்பி வரும். உள்ளே தள்ளி மூடினால் எண்ணெய் குறையும், திரும்புவதும் குறையும்.

இன்னொரு சிக்கல். கையேட்டின் பிற்பகுதியில் ரீபவுண்ட் என்ற அதே சொல், சக்கரம் கீழே இறங்கும்போது ஷாக் நீளும் ஓட்டத்துக்கும் வரும். முன்னது கோக்கும்போது வைக்கிற அளவு, பின்னது ஓடும்போது நடக்கிற அசைவு. ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பியதை நாமும் குழப்ப வேண்டுமா?

இ.சே.:

வெ.க. ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். மீட்சி போனால் போகட்டும், மீள் என்ற வேர் போகக்கூடாது. ‘மீளி’ என்று வைக்கலாம். தாங்குவது தாங்கி, ஏந்துவது ஏந்தி, பெருக்குவது பெருக்கி. கருத்தாவைச் சுட்டும் இகர விகுதி நமக்குப் புதிதன்று. உள்ளே போன தண்டு மீள்வதால் மீளி. இரண்டே எழுத்து.

மீ என்றால் மேல். மீமிசை, மீகாமன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அமுங்கியது மேலெழுவதே மீளல் என்று கொண்டால் இந்தத் தண்டுக்கென்றே பிறந்த வேர் இது. மேலும், கையேடு முழுக்க ‘ஷாக்’ என்று விட்டிருக்கிறீர்களே, அதற்கென்ன? ‘அதிர்வுதாங்கி’ கண்ணில் படவில்லையா?

தா.ர.:

இ.சே. ஐயா, பாட்டியல் மரபில் மீளி என்றால் எட்டு முதல் பத்து வயதுச் சிறுவன். “இடப்பக்க மீளியை முழுக்க அமுக்கவும்” என்று அச்சானால் வகுப்பில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீகாமனுக்கும் மீளலுக்கும் உறவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தண்டு கீழ்நோக்கித்தான் வெளியே வருகிறது.

அதிர்வுதாங்கி பற்றி ஒன்று. இடிதாங்கி இடியைத் தாங்குகிறது, சுமைதாங்கி சுமையைத் தாங்குகிறது. காரின் எடையைத் தாங்குவது சுருள்வில். எண்ணெயும் பிஸ்டனும் எதையும் தாங்குவதில்லை, அசைவை மட்டுப்படுத்துகின்றன. ஆகவே வில்தான் தாங்கி, உருளை ‘தணிப்பி’. இரண்டும் சேர்ந்ததை ஷாக் என்றே விடுங்கள். கடையில் கேட்டால் கிடைக்க வேண்டுமே.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கையேட்டில் ‘பேக்’ (வேகமாக அமுங்கும்போது ஷாக் இறுகி நிற்பது) என்பதை ‘அடைப்பு’ என்று மொழிபெயர்த்திருப்பது தவறு. எண்ணெய் போகும் பிஸ்டன் துளையில் தூசி அடைத்துக்கொண்டது என்று மாணவர்கள் ஷாக்கைப் பிரித்துவிடுவார்கள். 1.6 மி.மீ. துளை இரண்டும், 1.3 மி.மீ. துளை மூன்றும் பரப்பில் ஏறக்குறைய ஒன்றுதான், 4 சதுர மி.மீ. ஆனால் எண்ணெய் நிதானமாக ஓடும்போது ஒரு துளை விடும் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் மூன்று துளைப் பிஸ்டன் கெட்டியாக இருக்கும். மெல்லிய எண்ணெய் ஊற்றி, கையால் அமுக்கிப் பார்த்து இரண்டையும் சமமாக்கலாம். குதித்து இறங்கும்போது சமம் போய்விடும். தண்டு வேகமாகப் பாயும், சிறுதுளையில் எண்ணெய் போக வழியில்லாமல் ஷாக் பூட்டியதுபோல் நிற்கும். தரை தொட்டதும் கார் துள்ளினால் பெரும்பாலும் இதுதான். இதற்கு ‘திணறல்’ எப்படி?

வெ.க.:

திணறல் அருமை. எண்ணெய் உண்மையிலேயே திணறுகிறது. ஆட்சேபம் உண்டா?

இ.சே.:

இல்லை. ஆனால் மீளிக்கு நான் இன்னும் மனம் மாறவில்லை. சங்கப் பாடல்களில் மீளி வீரனும்கூட.

ந.மு.:

திணறலை ஏற்றிவிட்டேன். தா.ர. அம்மாவுக்கு நன்றி. அளப்பது தூரத்தைத்தான் என்பதால் ‘மீள்தூரம்’ என்று வைக்கலாமா? “மீள்தூரம் 50 விழுக்காடு” என்றால் யாருக்கும் விளங்கும். மீண்ட, மீள்கிற, மீளும் தூரம், மூன்றுக்கும் பொருந்தும் வினைத்தொகை.

இ.சே.:

புணர்த்தினால் மீடூரம் ஆகுமே! நாள் + தோறும் நாடோறும் ஆனதுபோல. அதோடு தூரம் வடசொல். ‘மீள்தொலைவு’ வைத்தாலும் மீடொலைவு ஆகும். மெய் திரியாமல் வர வேண்டுமானால் ‘மீளளவு’. தூய தமிழ், புணர்ச்சித் தொல்லையும் இல்லை.

தா.ர.:

நாடோறும் என்பதை நாமெல்லாம் நாள்தோறும் என்றுதானே எழுதுகிறோம்? சில மில்லிமீட்டரைத் தொலைவு என்றால் சிரிப்பார்கள். மீளளவு என்றால் ‘மறுபடி அள’ என்று படித்துவிட்டு அளவுகோலைத் தேடுவார்கள். மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் அந்தப் பொருளில்தானே புழங்குகின்றன?

மீள்தூரத்துக்கு என் வாக்கு, ஒரு நிபந்தனையோடு. இடவல ஷாக்குகளில் மீள்தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வரி தடித்த எழுத்தில் வரட்டும். சவ்வின் மேலுள்ள காற்று சின்ன வில்லைப்போல வேலை செய்கிறது. ஒன்றில் மிகுந்து மற்றொன்றில் குறைந்தால் காரின் ஒரு மூலை தூக்கி நிற்கும். வில் இல்லாமல் இரண்டையும் தண்டுமுனை எதிரெதிராக வைத்து அமுக்கச் சொல்லுங்கள். முந்தி உள்ளே போவதைத் திறந்து சரிசெய்ய வேண்டும். தண்டை இடுக்கியால் நேரே பிடிக்கக் கூடாது என்பதும் விடுபட்டிருக்கிறது. கீறல் விழுந்தால் அது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை அறுக்கும், அடியில் எண்ணெய் கசியும். அமுக்கும்போது சளசளவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று, மறுபடி குமிழி நீக்க வேண்டும்.

வெ.க.:

மீள்தூரத்துக்கு நானும் சரி. ஆனால் இது அளவுக்கு மட்டும். நீளும் ஓட்டத்துக்கு ‘நீள்வீச்சு’, அமுங்கும் ஓட்டத்துக்கு ‘அமுங்குவீச்சு’ என்று பிரித்துவிடுங்கள். சவ்வு இல்லாமல் காற்றும் எண்ணெயும் கலந்தோடும் ஷாக்குக்கு என்ன வைத்தீர்கள்? வேதியியலில் எமல்ஷனுக்குப் பால்மம் என்பார்கள்.

தா.ர.:

‘பால்ம ஷாக்’ என்றால் பாலை ஊற்றிவிடுவார்கள் ஐயா. ‘கலவை ஷாக்’ போதும். அதில் மூடியிலுள்ள சிறு திருகைக் கழற்றி, தண்டை முழுக்க உள்ளே தள்ளி, மிகுதி எண்ணெய் வெளியேறியதும் திருகை மூட வேண்டும். ஓட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை அமுக்கிக் கலக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுற்று ஒரு மாதிரியும் இரண்டாம் சுற்று வேறு மாதிரியும் ஓடும்.

ந.மு.:

மீள்தூரம், நீள்வீச்சு, அமுங்குவீச்சு, திணறல், கலவை ஷாக். முதல் முறை வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் ரீபவுண்ட் என்று போடுகிறேன். இ.சே. ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.

இ.சே.:

குறித்தால் போதாது. அடுத்த பதிப்பில் பார்ப்போம். அது கிடக்கட்டும், 14ஆம் பக்கத்தில் ப்ரீலோடுக்கு (வில்லை முன்கூட்டியே சற்று அமுக்கிவைப்பதற்கு) ‘முன்னிறுக்கம்’ என்று யார் போட்டது? வில்லை மேலிருந்து அமுக்கும் காலர் வளையத்தைத் திருகினால் வில் கெட்டியாகும் என்றல்லவா பொருள் வருகிறது?

தா.ர.:

இதில் ஐயா சொல்வது முழுக்கச் சரி. காலரை இறக்கினால் வண்டியின் நிற்கும் உயரம்தான் கூடும், வில்லின் கெட்டித்தன்மை மாறாது. கெட்டியாக வேண்டுமானால் வில்லையே மாற்ற வேண்டும். ‘முன்னமுக்கம்’ என்று போடலாம்.

வெ.க.:

அமுக்கம் என்றால் இலங்கைப் பாடநூல்களில் அழுத்தம்.

ந.மு.:

இன்று வியாழன்.