இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்

கும்பகோணம்

குறுஞ்செய்தி மோசடியில் அவரவர் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த மின்கட்டணக் குறுஞ்செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2022இல் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். முந்தைய மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியை அழைக்கவும் என்று பிழையான ஆங்கிலத்தில் இருக்கும். கீழே ஒரு பத்து இலக்கக் கைபேசி எண். அப்பாவுக்கு அது மாலை ஏழு மணிக்கு வந்தது. அந்த மாதம் அம்மா ஆக்சிஜன் செறிவூட்டியில் இருந்தார். அப்பா ஏன் அந்த எண்ணை அழைத்தார் என்று இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எடுத்தவன் மிரட்டவே இல்லையாம். "நீங்கள் கட்டிவிட்டீர்கள் சார், கணினியில் ஏறவில்லை. பத்து ரூபாய் செலுத்தினால் பதிவாகிவிடும்" என்று சொல்லி ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறான். நான் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு, "நான்கு... ஏழு... ஏழு... இரண்டு" என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார். சிலிண்டருக்குப் பதிவு செய்கிறார் என்று நினைத்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்தச் செயலி காட்டிய ஒன்பது எண்கள் அவை; அவருடைய திரையை அவனுக்குத் திறந்துவிட்டன. பத்து ரூபாய்க்காக ஏடிஎம் அட்டை விவரங்களைத் தட்டினார். அடுத்து வந்த ஓடிபி எல்லாவற்றையும் அவன் அங்கிருந்தே படித்துவிட்டான். 49,000 ரூபாய் வீதம் இரண்டு முறை போயிற்று. அவ்வளவு நேரமும் கட்டணம் கட்டிய ரசீது அப்பாவின் மடியில், மின் அட்டைக்குள் மடித்து வைத்தபடி இருந்தது.

அன்றிரவு அவர் யாரிடமும் சொல்லவில்லை. பசியில்லை என்று படுத்துவிட்டார்.

ஈரோடு

எனக்கு வந்தது பார்சல் செய்தி. உங்கள் பொட்டலம் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் திருத்தவும் என்று அஞ்சல் துறையின் பெயரில் வந்தது. மகளின் பள்ளிக்கான புத்தகங்களை நான் உண்மையிலேயே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகமே வரவில்லை. இணைப்பைத் தொட்டேன். அதே சிவப்பு, அதே சின்னம். மறுவிநியோகக் கட்டணம் 25 ரூபாய். அட்டை எண்ணைப் போட்டேன், பின்பக்க மூன்று எண்களையும் போட்டேன்.

ஓடிபி வந்தது. எப்போதும் முதலில் கண்ணில் படும் ஆறு எண்களை மட்டும் பார்த்துத் தட்டிவிடுவேன். அன்று மகள் கைபேசியைப் பிடித்து இழுத்ததில் செய்தி முழுவதும் திறந்துகொண்டது. தொகை 38,500 என்று இருந்தது. ஐந்து எண்களைத் தட்டி முடித்திருந்தேன். ஆறாவது எண் ஒன்பது. அதன்மேல் விரல் நின்றது.

உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்கினேன். பணம் போகவில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக அந்த ஒன்பதை மறக்க முடியவில்லை. மகள் இழுக்காமல் இருந்திருந்தால்?

அம்பத்தூர்

இரண்டையும் படித்தேன். வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். படித்தவர்கள் இவ்வளவு எளிதாக நம்பலாமா? எனக்கும் அந்த மின்சாரச் செய்தி வந்தது. அழித்துவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

கும்பகோணம் நண்பரே, அந்தச் செய்தியிலேயே பொய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதானே கணக்கெடுப்பு? "முந்தைய மாதக் கட்டணம்" எங்கிருந்து வந்தது? பியூஸைப் பிடுங்க வருகிறவர் இரவு 9.30 மணிக்கா வருவார்? உண்மையான செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண் இருக்கும். அனுப்புநர் இடத்தில் எழுத்துகளாலான பெயர் இருக்கும், தனிநபர் கைபேசி எண் இருக்காது. 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிறது. அரசுச் செய்திக்கு ஜி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, விளம்பரத்துக்கு பி. இதைப் பார்க்க ஒரு நொடி போதும். சந்தேகமான செய்தி வந்தால் அழித்துவிட்டுப் போகாமல் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யுங்கள். 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. நான் அழித்தது தவறு என்று பிறகுதான் உணர்ந்தேன். வயதானவர்களிடம் பொத்தான் கைபேசி மட்டும் இருந்தால் போதும். பென்ஷன் வரும் கணக்குக்கு ஏடிஎம் அட்டையே வேண்டாம், வங்கிக்கு நேரில் போய் எடுக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மதுரை

அம்பத்தூர் ஐயாவுக்கு. அனுப்புநர் பெயரைப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை என்னிடமும் இருந்தது. எனக்கு வந்தது யாரென்று தெரியாத எண்ணிலிருந்து அல்ல. என் மைத்துனரின் வாட்ஸ்அப்பிலிருந்து, அவருடைய படத்துடனே வந்தது. போக்குவரத்து விதிமீறல் அபராத சலான் என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு. முந்தின வாரம் அவருடைய வண்டியைத்தான் நான் ஓட்டிப் போயிருந்தேன். கோரிப்பாளையத்தில் மஞ்சள் விளக்கில் கடந்த நினைவும் இருந்தது. எந்த எழுத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

நிறுவினேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். செயலி திறக்கவே இல்லை. திரையில் அதன் சின்னத்தையும் காணோம். பழுதான கோப்பு என்று விட்டுவிட்டேன். அது உள்ளே இருந்துகொண்டு வரும் ஓடிபிகளை அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் 6,000 ரூபாய்தான் இருந்தது, அது போயிற்று.

என்னை உறுத்துவது அந்த 6,000 அல்ல. இரவு பத்து மணிக்கு அக்கா அழைத்து, "தம்பி, நீ அனுப்பிய சலானைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லையே, இன்னொரு முறை அனுப்பு" என்றார். நான் எதையும் அனுப்பவில்லை. என் பெயரில், என் படத்துடன், என் கைபேசியில் உள்ள அத்தனை பேருக்கும் அது போயிருந்தது. மகனின் வகுப்பாசிரியைக்கும் போயிருந்தது. ஒவ்வொருவரையும் அழைத்துத் திறக்காதீர்கள் என்று சொல்லி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. அக்காவுக்கு 41,000 ரூபாய் போனது. தம்பி அனுப்பியது என்றுதான் அவர் தொட்டார்.

நாகர்கோவில்

வங்கியில் 31 ஆண்டுகள் கவுண்ட்டரில் இருந்தவன். எனக்கென்று சொல்ல ஒரே ஒரு காட்சி உண்டு. ஒரு பெண்மணி காலை பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தோம். மற்றவர்கள் காதில் விழாமல் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார். வந்த நிமிடமே சொல்லியிருந்தால் கணக்கில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த இரண்டரை மணி நேரத்திலும் பணம் போய்க்கொண்டிருந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐத்தான் முதலில் அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறு நான்கைந்துக்கு என்று பிரிந்துகொண்டே போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குள் புகார் போனால் வழியிலுள்ள கணக்கில் நிறுத்திவைக்க முடியும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் தவறில்லாமல் பணம் போனால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. விவரங்களை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. ஆகவே நேரம் முக்கியம். தெரிவித்ததற்கான புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் நண்பரே, "படித்தவர்கள் நம்பலாமா" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அம்பத்தூர்

சரி. அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. கும்பகோணம் நண்பர் மன்னிக்கவும். ஏபிகே கோப்பு பற்றி மதுரைக்காரர் சொன்னது எனக்குப் புதிது. மனைவியின் கைபேசியை இப்போதே பார்க்கிறேன்.

கும்பகோணம்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் ஐயா. நீங்கள் கேட்டதை நானே அப்பாவிடம் கேட்டேன், இதைவிடக் கடுமையாக. மறுநாள் காலை பத்தரைக்கு அவர் சொன்னபோது, என் வாயிலிருந்து முதலில் வந்தது "உங்களுக்கு அறிவில்லையா" என்பதுதான். 1930ஐ அழைத்தது அதற்குப் பிறகு. ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு கணக்கில் 9,400 ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது கைக்கு வர ஓராண்டுக்கு மேலாயிற்று. மீதி வரவில்லை. அம்மா அந்த ஆண்டே போய்விட்டார்.

பொத்தான் கைபேசி யோசனையைப் பற்றி: அப்பாவிடமிருந்து கைபேசியை வாங்கிவிடவில்லை. துபாயில் இருக்கும் பேத்தியின் முகத்தை அவர் அதில்தான் பார்க்கிறார்.

போன வாரம் மின்வாரியத்தின் உண்மையான செய்தி வந்தது. கைபேசியை உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். இணைப்பு எண்ணை மின் அட்டையோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சரியாக இருந்தது, 1,140 ரூபாய். இங்கேயே கட்டிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு மின் அலுவலகத்துக்கு நடந்து போனார். வரிசையில் நின்று கட்டிவிட்டு ரசீதோடு திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று.