8 ஜிபி லேப்டாப்பில பெரிய ராஸ்டரை ஆர்-ல ஓட்டுறது எப்பிடி?

வெள்ளவத்தைப் பெடியன்
வணக்கம், மேல் மாகாணத்தில ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலயும் கட்டிடம் எத்தனை வீதம் மரம் எத்தனை வீதம் எண்டு எடுக்கோணும், கம்பஸ் ப்ராஜெக்ட். டேட்டா ஈசா வேர்ல்ட்கவர் 2021, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின்ர நிலப்பரப்பு ராஸ்டர் (பிக்சல் கட்டங்களால ஆன படம்), ஒரு பிக்சல் 10 மீட்டர். ஃபைல் சின்னன்தான், ஆனா ஆர் மொழியில டேட்டா ஃப்ரேமா (அட்டவணையா) மாத்தினா மெமரி காணாது எண்டு எரர் அடிக்குது. ரேம் கூட்டத்தான் வேணுமோ?

பிக்சல் அண்ணை
காசைச் செலவழிக்காதீங்கோ தம்பி. அந்த டேட்டாவைத் துண்டு துண்டாத்தான் தருவினம், ஒரு துண்டு (டைல்) 3 பாகைக்கு 3 பாகை, அதாவது 36,000 பெருக்கல் 36,000 பிக்சல், கிட்டத்தட்ட 130 கோடி. டிஸ்க்கில பிக்சலுக்கு 1 பைட், அதையும் கம்ப்ரெஸ் பண்ணித்தான் வச்சிருக்கினம், அதான் சின்னனாத் தெரியுது. மெமரிக்குள்ள 8 பைட்டா விரிஞ்சா 10 ஜிபி தாண்டும், எக்ஸ் வை கொலமும் கேட்டா மூண்டு மடங்கு.

டேட்டா ஃப்ரேமை மறந்திடுங்கோ. ராஸ்டருக்கெண்டு ஆர்-ல இருக்கிற டெரா பக்கேஜில ராஸ்ட் ஃபங்ஷன் போட்டுத் திறந்தா படம் உள்ள வராது, அளவு, எல்லை மாதிரி விபரம் மட்டும்தான் வரும். உடன கிராப் பண்ணி மாகாண அளவுக்கு வெட்டுங்கோ. உங்கட மாகாணம் முழுக்க ஒரே டைலுக்குள்ளதான், மிச்சத்தில பாதி கடல், தூத்துக்குடிக் கரையும் கிடக்கு, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?

மழைக்காகம்
அண்ணை சொன்னது சரி. பிரிவு எல்லைகள் இருக்கிற ஷேப்ஃபைல் எஸ்எல்டி99-ல (இலங்கை வரைபடத்தின்ர ஆள்கூற்று முறை) இருந்தா ராஸ்டரை அதுக்கு மாத்தாம ஷேப்ஃபைலை மாத்துங்கோ, ஒரு செக்கன் வேலை. ராஸ்டரைத்தான் மாத்தோணுமெண்டா மெதட் நியர் எண்டு குடுங்கோ, கிட்ட இருக்கிற பிக்சலின்ர எண்ணை அப்பிடியே எடுக்கும். பைலினியர் குடுத்தா பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும், மரத்தின்ர கோட் 10க்கும் கட்டிடத்தின்ர கோட் 50க்கும் நடுவில 30 வரும், இந்த டேட்டாவில 30 எண்டா புல்வெளி! கொழும்பு விகாரமகாதேவி பார்க்கைச் சுத்திப் புல்லு முளைச்சிடும், எரரும் வராது, சுப்பவைசர்தான் கண்டுபிடிப்பார்.

வீதத்துக்கு எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட்ஆர் பக்கேஜ், ஃபங்ஷன் இடத்தில ஃப்ராக் எண்டு குடுத்தா ஒவ்வொரு வகையின்ர பங்கும் வரும். எல்லைக்கோட்டில பாதி வெட்டுப்பட்ட பிக்சலையும் பாதியாத்தான் எண்ணும், எல்லைக்கு வெளியில உள்ளதை அழிக்கத் தனியா மாஸ்க் தேவையில்லை.

வெள்ளவத்தைப் பெடியன்
கிராப் பண்ணினதும் ஓடுது, நன்றி! ப்ரொசெசரின்ர நாலு கோர்லயும் பிரிச்சு ஓட்டினா இன்னும் கெதியா வருமா?

பிக்சல் அண்ணை
இந்த அளவுக்கு வேண்டாம். டெரா ஒப்ஜெக்ட் வெறும் பொயின்டர் (டேட்டா இருக்கிற இடத்தைக் காட்டுறது மட்டும்தான்), மற்ற கோருக்கு அப்பிடியே அனுப்பேலாது, டெராவின்ர ராப் ஃபங்ஷனால பொதி பண்ணி அனுப்போணும், இல்லாட்டி ஃபைல் பேரைக் குடுத்து அங்க திறக்க வைக்கோணும். அதைவிட டெம்ப் ஃபோல்டரைப் பாருங்கோ, இடையில வாற பெரிய ரிசல்ட்டையெல்லாம் டெரா அங்கதான் எழுதும், சி டிரைவ் நிரம்பினா டெராஆப்ஷன்ஸ்-ல டெம்ப்டிர் மாத்தி விடுங்கோ.