பழைய லேத் பெட்: ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்தும் வேலை) தெரிந்த ஆள் நாகர்கோவில் பக்கம் உண்டா?

அண்ணன்மாருக்கு வணக்கம். குளச்சல் பக்கம் பட்டறை, படகு ஷாஃப்ட் வேலைதான் அதிகம். ஆறடி லேத்தில் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தலை) பக்கம் பெட் (அடித்தளத் தண்டவாளம்) தேய்ந்துபோச்சு. அங்கே சேடில் (வெட்டுக்கருவியைத் தாங்கி பெட்மேல் ஓடும் பகுதி) ஆடாமல் இருக்க கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கினால், தேய்மானம் குறைந்த மறுமுனை, டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது பிடிக்கிறது.

கடல்காற்றில் எண்ணெய் விட மறந்தால் உடனே துரு. எமரித்தாள் போடச் சொல்லாதீங்க, அந்தப் பொடிதான் பெட்டைத் தின்னும்.

கோயம்புத்தூருக்கு அனுப்பி கிரைண்டிங் செய்தால் சேடில் கீழே இறங்கும், ஏப்ரனும் (சேடிலின் முன்பக்கப் பெட்டி) லீட் ஸ்க்ரூவும் (சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) ஒத்து வராது. சேடில் அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக் தகடு) ஒட்டி உயரத்தைச் சரிக்கட்டலாமாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க. நீல மை தடவி, மேடான இடத்தில் விழும் புள்ளி பார்த்துக் கையாலே ஸ்கிரேப் செய்யும் பழைய ஆள் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இருந்தால் எனக்கு அதுதான் இஷ்டம்.

அப்புறம், 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் (பெட்டுக்கு விடும் எண்ணெய்) இங்கே சில்லறையாக எங்கே கிடைக்கும்?